1953இல் திறந்த பழைய நகரம்

"எல்லாமே டூப்ளிகேட்ணா. அம்பதுகள்ல கட்டினது. பழைய ஊர் பாக்கணும்னா கிராகோவ் போங்க, ட்ரெயின்ல ரெண்டரை மணி நேரம்தான்." போலந்தின் தலைநகரான வார்சாவில் மென்பொருள் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், காலையில் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவனுக்கு அது வேலைநாள். எனக்கு நாள் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தோடு ஊர் சுற்ற வேண்டியிருந்தது. அவன் மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பா போய் வந்தவர்கள் பலர் இதையேதான் சொல்கிறார்கள். ப்ராக் அசல், கிராகோவ் அசல், வார்சா நகல். ஆகவே ஒரு பகல் போதும், அதுவும் அடுத்த விமானத்துக்கு நேரமிருந்தால்.

தகவலாகப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. 1944 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராகக் கிளம்பிய எழுச்சி 63 நாள் நின்று தோற்றது. அதன்பிறகு ஜெர்மானியர்கள் மிச்சமிருந்த மக்களை வெளியேற்றிவிட்டு, ஆளில்லாத ஊரைத் தெருத் தெருவாகக் கொளுத்தி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். குண்டு விழுந்து இடிந்த ஊர்கள் அந்தப் போரில் எத்தனையோ. சண்டை ஓய்ந்தபிறகு பட்டியல் போட்டு நிதானமாக இடிக்கப்பட்ட தலைநகரம் இது. பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. இன்று குதிரைவண்டியும் ஐஸ்கிரீமுமாக நாம் படம் எடுத்துக்கொள்கிற சந்தைச் சதுக்கம் 1953 ஜூலையில் திறக்கப்பட்டது. என் பெரியப்பாவை விட வயதில் சின்னது. இவ்வளவும் சரி. ஆனாலும், 'அப்படியென்றால் பார்க்க ஒன்றுமில்லை' என்ற அடுத்த அடிக்கு என்னால் போக முடியவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே நடந்ததுதான் இந்தப் பதிவு.

ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய தெரு

அரச மாளிகைக்கு முன்னால் காலை பதினொன்றே காலுக்கு நிற்க வேண்டும். கடிகாரக் கோபுரத்தின் ஜன்னலில் ஊதுகொம்புக்காரர் ஒருவர் வந்து வாசிப்பார். அந்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் மாளிகை எரிந்தபோது கடிகாரம் நின்ற நேரம் 11:15. மாளிகையை 1944இல் அடியோடு வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். போர் முடிந்தும் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த இடம் வெறும் மனையாகவே கிடந்தது. கட்டலாம் என்ற முடிவே 1971இல்தான் வந்தது. பொதுமக்கள் நன்கொடையில் வேலை நடந்து, 1974 ஜூலை 19 அன்று அதே 11:15க்குப் புதுக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். இதை நாடகம் என்று சொல்வோர் சொல்லலாம். எனக்கும் முதலில் கொஞ்சம் அப்படித்தான் பட்டது. ஆனால் உள்ளே போய்ச் சுவர்களைப் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றுகிறது. மாளிகை எரியும்போதும் அதற்குப் பிறகும் அருங்காட்சியகத்தார் கதவு, பளிங்கு, மரப்பலகை, செதுக்குத் துண்டுகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பெயர்த்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றைத் திரும்பவும் அந்தந்த இடத்தில் பதித்திருக்கிறார்கள். ஒரே வாசல் சட்டத்தில் இருநூறு வருடத்துக் கல்லும் எழுபதுகளின் கல்லும் ஒட்டி நிற்கின்றன. நிற வித்தியாசத்தை மறைக்கப் பெரிதாக யாரும் மெனக்கெட்டதாகவும் தெரியவில்லை.

அந்த மாளிகையில் கனலெட்டோ அறை என்று ஒன்று. பெயர்தான் கனலெட்டோ, வரைந்தவர் அந்த ஓவியருடைய சகோதரி மகன் பெர்னார்தோ பெல்லோட்டோ. வெனிஸ்காரர். 1767 வாக்கில் ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போகிற வழியில் வார்சாவில் தங்கினார். மன்னர் ஸ்தானிஸ்லாவ் ஆகஸ்ட் அவரைப் போக விடவில்லை. அரசவை ஓவியராகி, 1780இல் இந்த ஊரிலேயே இறந்தார். அறையில் அவர் வரைந்த 22 வார்சாக் காட்சிகள் இருக்கின்றன. இருட்டுப் பெட்டிக்குள் லென்ஸ் வழியாகக் காட்சியை விழவைத்து, அதன்மேல் கோடு இழுத்து வரைகிற முறை அவருடையது. அதனால் ஜன்னல் எண்ணிக்கைகூடப் பிசகாது என்று பெயர். கண்ணை ஓவியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காவலர் ஒருமுறை கனைப்பார். பரவாயில்லை, கொண்டுபோங்கள். கோச்சு வண்டி, நாய்கள், கைநீட்டும் ஏழைகள், காரை உதிர்ந்து செங்கல் தெரியும் சுவர். போருக்குப் பின் தெருவை மறுபடி கட்டியவர்கள் இந்த ஓவியங்களைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவு பார்த்தார்கள். வெளியே கிராகோவ்ஸ்கியே பிஷெட்மியெஷ்சியே தெருவில், அவர் எந்த இடத்திலிருந்து வரைந்தாரோ அங்கங்கே அந்த ஓவியத்தின் நகலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பலகையில் ஒரு பார்வை, தெருவில் ஒரு பார்வை என்று வெயிலில் நின்று ஜன்னல் எண்ணிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் இருந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்கள் சரியாகவே இருந்தன.

ஓவியம் மட்டும் போதாதே, கட்டிடம் கட்ட வரைபடம் வேண்டும். அதுவும் இருந்தது. வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பே பழைய வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து தாளில் ஏற்றியிருந்தார்கள். எழுச்சி தோற்று ஊர் எரிந்துகொண்டிருந்தபோது, கட்டடக் கலைஞர் யான் சஹ்வாத்தோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் அந்தத் தாள்களை ஊரைவிட்டு வெளியே கடத்தி, பியோத்ர்கூவ் என்ற ஊரின் மடாலயத்தில், கல்லறைப் பேழைகளுக்கு இடையில் ஒளித்து வைத்தார்கள். 1945 பிப்ரவரியில் தலைநகர மறுகட்டுமான அலுவலகம் தொடங்கியபோது வரலாற்றுக் கட்டிடப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் இதே சஹ்வாத்தோவிச். உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்த அந்த வாரங்களில் ஜன்னல் அளவுகளைக் காப்பாற்றத் துணிந்தவர்களைப் பற்றி நினைத்தபோது, தம்பியின் காபி நேரத் தீர்ப்பு ரொம்ப மலிவாகத் தெரிந்தது.

எந்த வருஷத்து ஊர்?

அதற்காக மறுபக்கம் சாய்ந்து, உருகி எழுதவும் எனக்கு மனமில்லை. ஏனென்றால் இவர்கள் திரும்பக் கட்டியது 1939இல் இருந்த வார்சாவை அல்ல. பெல்லோட்டோவின் கையும் சுத்தமில்லை. காட்சி அழகாக விழ வேண்டும் என்று அங்கங்கே விகிதத்தைத் திருத்தியிருக்கிறார். கட்டியவர்கள் அதற்கு மேலேயும் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகைக்காக ஏற்றிய மாடிகள், பின்கட்டில் நெருக்கி அடைத்த குடியிருப்புகள் எல்லாம் முதலாளிகளின் பேராசைக்குச் சாட்சி என்பது புதிய கம்யூனிஸ்ட் அரசின் கருத்து. அவை திரும்ப எழவில்லை. நோவி ஷ்வியாத் தெருவில் நடந்தால் எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சாதுவாக நிற்கும். போருக்கு முந்தைய புகைப்படங்களில் அது மேடும் பள்ளமுமான, விளம்பரப் பலகைகள் பிதுங்கும் தெரு. புனித யோவான் பேராலயத்தின் கதை இன்னும் சுவாரசியம். போருக்கு முன் அதன் முகப்பு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய பாணியில் மாற்றிக் கட்டியது. அதை விட்டுவிட்டு, இடைக்காலத்தில் இப்படி இருந்திருக்கலாம் என்று சஹ்வாத்தோவிச் ஊகித்து வரைந்த செங்கல் முகப்பைத்தான் இன்று பார்க்கிறோம். நகல் என்றால் அசல் ஒன்று இருக்க வேண்டுமல்லவா? இந்த முகப்புக்கு அப்படி எதுவும் கிடையாது.

சந்தைச் சதுக்கத்து வீடுகளின் முகப்பில் இருக்கும் ஓவிய வேலைப்பாடுகள் பல ஐம்பதுகளின் ஓவியர்கள் புதிதாக யோசித்துச் செய்தவை. கதவுக்குப் பின்னால் அரசுக் குடியிருப்பு. குழாயும் கழிப்பறையுமாகச் சாதாரண மக்கள் வாழக் கட்டிய வீடுகள். செங்கலில் ஒரு பங்கு போருக்குப்பின் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்குக் கைமாறிய விரோட்ஸ்வாஃப் போன்ற ஊர்களில் கட்டிடங்களை இடித்து எடுத்து வந்தது. மாளிகைச் சதுக்கத்துக்குக் கீழே 1949இல் திறந்த சுரங்கச் சாலையில் டிராம் ஓடுகிறது. அதிலிருந்து மேலே வர அதே வருடம் வைத்த எஸ்கலேட்டர், போலந்தின் முதல் எஸ்கலேட்டர், ஒரு பழைய வீட்டு வேடத்தில் இருக்கும் கட்டிடத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நான் இரண்டு முறை அதில் ஏறி இறங்கினேன், காரணமே இல்லாமல். மேலே வந்தால் சிகிஸ்மண்ட் மன்னரின் தூண். சிலை 1644ஆம் வருடத்தது, தூண் புதியது. உடைந்த பழைய தூண்களை மாளிகைச் சுவரோரம் புல்லில் கிடத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறார்கள்.

1980இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, கட்டிடங்களின் வயதுக்காக அல்ல, திரும்பக் கட்டிய செயலுக்காக. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இது போரில் தப்பித்த 18ஆம் நூற்றாண்டு ஊர் இல்லை. 18ஆம் நூற்றாண்டைப் பற்றி 1950கள் கண்ட கனவு. அதைக் கனவாகவே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

கோடையில் வார்சா போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவற விடாதீர்கள். வஜென்கி பூங்காவில் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் சிலையடியில் பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இலவசப் பியானோக் கச்சேரி. 1959 முதல் நடக்கிறது. புல்தரையில் ஜமுக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சுச் சத்தம் அறவே இல்லை, நாய்கள்கூட அடங்கிக் கிடக்கின்றன. அந்தச் சிலையை 1940இல் ஜெர்மானியர்கள் வெட்டிச் சாய்த்தார்கள்; இப்போது நிற்பது 1958இல் மீண்டும் வார்த்தது. அதன் நிழலில் ஒரு பெண் ஷோப்பானின் மசூர்கா என்ற நடன இசைத் துண்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். ஷோப்பான் 1849இல் போய்விட்டார். வாசிப்பவர் தாளில் இருக்கிற குறிப்பைப் பார்த்து இன்றைக்குப் புதிதாகக் கட்டியெழுப்புகிறார். யாரும் எழுந்து நின்று இது அசல் இல்லை என்று சொல்வதில்லை. கட்டிடத்துக்கு மட்டும் ஏன் வேறு சட்டம் என்ற கேள்வி அங்கேதான் எனக்கு வந்தது. பதிலும் கூடவே வந்தது: இசை இசைக்கப்பட வேண்டியது, செங்கல் அப்படியல்ல, தேய்மானம்தான் அதன் அழகு. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே சாப்பிடப் போனேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'பார் ம்லெச்னி' என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். அரசு மானியத்தில் ஓடும் மலிவு விலைச் சாப்பாட்டுக்கடைகள். சாராயம் கிடையாது, பால், முட்டை, மாவுப் பண்டங்கள்தான் முக்கியம் என்பதால் சைவக்காரர்களும் பிழைத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடைக்கட்டியும் அடைத்த பியரோகி நம் கொழுக்கட்டைக்கு அக்கா முறை. தட்டை நீங்களே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எழுந்தால் அங்கிருக்கும் அம்மா முறைக்கிற முறைப்பில் திரும்பி வந்துவிடுவீர்கள்.

மேட்டின் மேல் வீடு

தம்பி குடியிருப்பது முரானூஃப் என்ற பகுதியில். அவன் வீட்டுக் கட்டிடம் தெரு மட்டத்தில் இல்லை. புல் முளைத்த ஒரு சரிவின் மேல் இருக்கிறது. தெருவிலிருந்து படி ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். பக்கத்துக் கட்டிடங்களும் அப்படியே. தோட்டத்துக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். நானும் சூட்கேஸைத் தூக்கி ஏறிய முதல் நாள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முரானூஃப், போருக்கு முன் வார்சாவின் யூதக் குடியிருப்புகளின் நடுநாயகம். ஊரின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூதர்கள். 1940இல் நாஜிகள் சுவர் எழுப்பி இங்கே கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்பை அமைத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். 1942 கோடையில் பெரும்பாலானோரை ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். 1943 ஏப்ரலில் மிச்சமிருந்தவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அதை அடக்கியபின் பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கினார்கள். போருக்குப் பின் அந்த இடிபாட்டை அள்ளிக் கொட்ட வாகனமும் இல்லை, கொட்ட இடமும் இல்லை. கட்டடக் கலைஞர் போஹ்தான் லாஹெர்ட் அதன் மேலேயே கட்டத் தீர்மானித்தார். இடிந்த செங்கலைப் பொடித்து, சிமெண்ட் சேர்த்துக் கல்லாக வார்த்துச் சுவர் எழுப்பினார்கள். மீதியை மேடாக்கி அதன்மேல் வீடுகளை நிறுத்தினார்கள். தம்பி தினமும் ஏறி இறங்குகிற சரிவு அதுதான். சுவரைப் பூசாமல் செங்காவி நிறத்திலேயே விட வேண்டும், பார்க்கிறவர்களுக்கு இது எதன்மேல் நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்பது லாஹெர்ட்டின் எண்ணம். இருட்டடைந்த மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு வந்து, வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டார்கள்.

பழைய நகரத்தின் செங்கல் செங்கலான அக்கறையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கேட்காமல் இருக்க முடியாது: இந்தத் தெருக்களை ஏன் யாரும் ஓவியம் வைத்துக்கொண்டு திரும்பக் கட்டவில்லை? பதில் எளிது. திரும்பி வந்து குடியிருக்க ஆளில்லை. தெருப்பெயர்கள் சில மட்டும் தப்பின. தோமாட்ஸ்கியே தெருவில் இருந்த பெரிய ஜெபாலயத்தை 1943 மே 16 அன்று, வெற்றி அறிவிப்பாக வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இப்போது நீலக் கண்ணாடி அலுவலகக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதற்குப் பக்கத்துக் கட்டிடம் தப்பித்துவிட்டது. யூத வரலாற்று நிறுவனம் அங்கே இருக்கிறது. அந்த நிறுவனத்தில் ஒரு பால் கேன் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் பால்காரர்கள் சைக்கிளில் மாட்டுகிற மாதிரி கேன்தான். கொஞ்சம் பெரியது. துரு ஏறி, அடிப்பக்கம் அரித்து, மூடியின் விளிம்பு ஒழுங்கில்லாமல் நெளிந்திருக்கிறது. வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்புளூம் கெட்டோவுக்குள் ஒரு ரகசியக் குழுவை வைத்து ஆவணம் திரட்டினார். நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, நாடகச் சுவரொட்டி, பள்ளிக் கட்டுரை, மிட்டாய்த் தாள், டிராம் டிக்கெட் என எதையும் விடவில்லை. சுற்றிவளைப்பு நெருங்கியதும் ஒரு பகுதியைத் தகரப் பெட்டிகளிலும், அடுத்த பகுதியை இரண்டு பால் கேன்களிலும் அடைத்து, நொவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். பெட்டிகள் 1946இலும், கேன்கள் 1950இலும் கிடைத்தன. இன்னொரு பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கல்புளூமை 1944 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். அறுபது பேர் அளவில் இருந்த அந்தக் குழுவில் போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் மூவர்தான்.

கேன் முன்னால் நின்றபோதுதான் எனக்குள் ஒன்று தெளிந்தது. ஒரே ஊரில், ஒரே போரில், ஏறக்குறைய இரண்டு வருட இடைவெளியில் இரண்டு காகிதக் கட்டுகள் ஒளித்து வைக்கப்பட்டன. ஒன்று கல்லறைப் பேழைகளுக்கிடையில், இன்னொன்று பால் கேனில். முதல் கட்டு வெளியே வந்ததும் ஒரு நகரம் எழுந்தது. இரண்டாவது கட்டு வெளியே வந்தபோது அதில் எழுதியிருந்தவர்களில் யாரையும் திரும்பக் கட்ட முடியவில்லை. ஜன்னலின் அளவு தாளில் இருந்தால் ஜன்னல் வரும். மிட்டாய்த் தாளிலிருந்து அதைத் தின்ற பிள்ளை வராது. பழைய நகரம் அசலா நகலா என்ற என் இரண்டு நாள் வாதம் அங்கே சின்னதாகப் போனது. வார்சாவிடம் கேட்க வேண்டியது எதைத் திரும்ப எழுப்பினாய், எதன்மேல் மண்ணைப் போட்டு நடந்தாய் என்றுதான். நியாயமாகச் சொன்னால் ஊர் இப்போது இதை மறைக்கவில்லை. கெட்டோ சுவர் இருந்த கோட்டில் நடைபாதையில் இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். தம்பி வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கெட்டோ வீரர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே, போலந்து யூதர்களின் ஆயிரம் வருட வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் 2013இலிருந்து இருக்கிறது. அரை நாளாவது வைத்துக்கொண்டு போங்கள்.

அன்று ராத்திரி தம்பியிடம் மேட்டைப் பற்றிச் சொன்னேன். "நிஜமாவாண்ணா?" என்று கேட்டுவிட்டு பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அப்புறம் சாம்பார் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனான். வேறென்ன செய்வான், அவன் அங்கே வாழ வேண்டியிருக்கிறது.

மூன்று வளைவுகள்

அசல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ப்ராகா என்ற வார்சாப் பகுதி இருக்கிறது. 1944 செப்டம்பரில் சோவியத் படை அந்தக் கரையைப் பிடித்து அங்கேயே நின்றுவிட்டதால் அது பெரும்பாலும் தப்பியது. ஆனால் தப்பியதற்குப் பரிசாக யாரும் ஒரு கை காரை பூசவில்லை. அசல் நூறு வருட வீடுகள் பல பத்தாண்டுகள் ஒழுகிக்கொண்டு கிடந்தன. முற்றங்களில் மாதா பிறை, சுவரில் குண்டுத் துளை, முதல் மாடியில் துணிக்கொடி. இப்போது வோட்கா ஆலையைத் திருத்தி உணவகங்களாக்கியிருக்கிறார்கள், வாடகை ஏறுகிறது.

இதற்கிடையில் மறுகட்டுமானம் முடிந்தபாடில்லை. பில்சுட்ஸ்கி சதுக்கத்தில் சாக்சன் மாளிகை இருந்தது. அதன் அறைகளில்தான் 1932 டிசம்பரில் போலந்துக் கணித வல்லுநர்கள் ஜெர்மானியரின் ரகசியச் செய்தி எந்திரமான எனிக்மாவின் குறியீட்டை உடைத்தார்கள். 1944 டிசம்பரில் அதையும் தகர்த்தார்கள். நடுத் தூண்வரிசையில் மூன்று வளைவுகள் மட்டும் மிஞ்சின. அதற்கடியில் 1925 முதல் பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறை. இரண்டு வீரர்கள் அசையாமல் காவல் நிற்கிறார்கள். இந்த மாளிகையை முழுதாகத் திரும்பக் கட்ட 2021இல் சட்டம் போட்டாகிவிட்டது. மேலவைக்கும் மாகாண ஆட்சியாளருக்கும் அலுவலகம் அங்கே வரப்போகிறதாம்.

1953இல் கட்டியது வீடில்லாதவர்களுக்கு. கட்டாமல் விட்டிருந்தால் இடித்தவன் ஜெயித்திருப்பான். இன்று செனட்டர்களுக்கு இடமில்லை என்பதற்காக எண்பது வருடமாக நிற்கிற மூன்று வளைவுகளைச் சுற்றி புத்தம்புது பரோக் சுவர் எழுப்புவதற்கு எந்த அவசரமும் எனக்குத் தெரியவில்லை. இதைக் கட்ட வேண்டும் என்கிறவர்களிடம், பழைய நகரத்தைக் கட்டியபோதும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்ற வாதம் இருக்கிறது. அது வலுவான வாதம்தான், ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. போகிறவர்கள் சாரம் கட்டுவதற்குள் போய், அந்த வளைவுகளைச் சும்மா அப்படியே நிற்கும்போது பார்த்துவிடுங்கள்.